‘ஏன்’ கேட்கக் கூடாத மைதானம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. முனை அணியின் பயிற்றுவிப்பாளர் தன் வீராங்கனைகளோடு நிருபர்கள் பேசுவதைத் தடுத்தார்.
2. பேச முடியாததால் நான் எண்ணத் தொடங்கினேன்.
3. எண்ணியதைப் படமாக வரைந்து பத்திரிகையில் போட்டேன்.
4. படம் சரியாக இருந்தது.
5. சரியாக இருந்த அந்தப் படத்தால் ஒரு பெண்ணின் பார்வை போகக்கூடும் என்பது, இறுதியாட்டத்துக்கு நான்கு நாள் இருக்கையில் எனக்குத் தெரியவந்தது.
6. எங்கள் தொழிலில் செய்யவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்ட ஒன்றைச் செய்தேன்.
7. இன்னொரு மைதானமும் மூடப்பட்டது.

போன மாதம் இரண்டு இளம் நிருபர்கள் என் கந்தோருக்கு வந்தார்கள். நான் இப்போது குடிநீர்த் திட்டம் ஒன்றில் படவரைஞர். எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் குழாய் போகிறது என்று கீறுவதுதான் வேலை. வாசலில் இருந்தவரிடம் அவர்கள் என்னை “ஓய்வுபெற்ற விளையாட்டு நிருபர்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு முப்பத்துநான்கு வயது. ஆனாலும் அவர்கள் கணக்கில் அது சரிதான்.

“அக்கா, தென்கரை அணி எங்களை மைதானத்துக்குள்ள விடுகுதில்லை. ஒரு பிள்ளையோடயும் கதைக்க ஏலாது. முனை அணி பூட்டியிருந்த காலத்தில நீங்கள் எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்” என்றாள் ஒருத்தி.

எழுதலாம். ஆனால் தென்கரை மைதானம் மூடப்பட்டதற்குக் காரணம் நான் என்பதை எழுதாமல், மற்றதை எழுத முடியாது.

தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படவரைதல் படித்தேன். வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி மன்னார் நகரில் ஒரு பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைக்கப் போனேன். ஒரு சனிக்கிழமை விளையாட்டு நிருபர் காய்ச்சலில் படுத்துவிட, என்னை ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. நான் ஒன்பது வருடம் இருந்தேன்.

விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் தருமகுலம் ஐயா. உயிலங்குளத்தில் வயல் செய்கிறவர். பின்னேரங்களில் வரப்பில் நின்றபடியே தொலைபேசியில் செய்தி எடுப்பார். ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் அழைக்க வேண்டும். ஒழுங்கு மாறக் கூடாது: கோல் எண்ணிக்கை, அடித்தவர், நிமிடம், அட்டைகள், காயங்கள். அதற்குப் பிறகுதான் வர்ணனை. ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்வார். நான் ஓம் என்ற பிறகே அடுத்த பெயருக்குப் போவார். பின்னால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்கும். செய்தி நல்லது என்றோ மோசம் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. “சரி. அடுத்தது” என்பார். அடுத்தது இல்லை என்றால் தொலைபேசியை வைத்துவிடுவார்.

முதல் வாரத்தில் அவர் எனக்கு ஒரே ஒரு சட்டம் சொன்னார். “டிலானி, ஒரு அணியின்ர பயிற்சியில கண்டதை மற்ற அணிக்குச் சொல்லக் கூடாது. சாடையாயும் சொல்லக் கூடாது. அண்டைக்கே உங்களுக்கு எல்லா மைதானமும் பூட்டுப்படும்.” கொப்பியின் முதல் பக்கத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

இனி முனை அணி. தலைமன்னார்ப் பக்கத்துப் பெண்களின் உதைபந்தாட்ட அணி அது. பயிற்றுவிப்பாளர் சவிரி சேர், ரயில் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மைதானத்தின் கடற்கரைப் பக்கத்தில் கம்புகள் நட்டு, பழைய மீன்வலையைக் குறுக்கே கட்டியிருந்தார். கழுதைகள் உள்ளே வராமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார்கள். கழுதைகள் மற்றப் பக்கத்தால் வந்து கோல் வாயில் படுத்துக் கிடந்தன. வலை எங்களுக்குத்தான். வலைக்கு வெளியே ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருக்கும். இரண்டு நிருபர்கள் வந்தால் ஒருவர் நிற்க வேண்டும். பயிற்சி தொடங்குமுன் பிள்ளைகளின் கைபேசிகள் எல்லாம் மீனுக்கு ஐஸ் போடும் பெட்டிக்குள் போகும். மூடியின்மேல் சேர் இருப்பார்.

கேள்வி கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. பாடசாலைக் கொப்பித் தாளை இரண்டாகக் கிழித்த அரைத்தாளில் மூன்று கேள்வி எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரு வரி. நாலு மணிக்குமுன் கொடுக்க வேண்டும். வாங்கியதும் மேல் மூலையில் ரயில்காரர் எழுதுவதுபோல நேரம் எழுதுவார்: 15.46. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுதி, மறுபடி நேரம் போட்டு, கையொப்பம் வைத்துத் தருவார். வீராங்கனையிடம் கேட்ட கேள்விக்கும் பதில் அவருடையதுதான்.

முதல் நாள் நான் “அணி ஏன் மாற்றப்பட்டது?” என்று எழுதினேன். அந்த வரியின்மேல் கோடு இழுத்துத் தாளை அங்கேயே திருப்பித் தந்தார்.

“பிள்ளை, ஏன் எண்டு கேக்கக் கூடாது.”

“ஏன் சேர்?”

வலைக்கு உள்ளே யாரோ கிளுக்கென்று சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, விழுங்கிக்கொண்டார்.

“ஏன் எண்டு கேட்டால் கதை வரும். கதை வந்தால் ஆளின்ர முகம் வரும். என்ன, எப்ப, எத்தினை… இதுகளைக் கேளுங்கோ. பதில் தாறன்.”

தந்தார். ஒருநாளும் தவறவில்லை. ஆனால் “முழங்கால் காயம் எப்போது ஆறும்?” என்று கேட்டால் “ஆறும்போது” என்று எழுதுகிற பதில்களை வைத்து என்ன செய்தி போடுவது? மற்ற நிருபர்கள் சலித்துப்போய் வராமல் விட்டார்கள். நான் விடவில்லை. பேசாவிட்டால் எண்ணலாம் என்று நினைத்தேன். மைதானத்தை அளவுப்படி கொப்பியில் கீறி, ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று புள்ளி வைக்கத் தொடங்கினேன். வேறு வழி இல்லாமல் தொடங்கியது, பிறகு பெருமையாகவும் ஆகிவிட்டது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முனை அணியின் கோல்காப்பாளரை இங்கே மெர்சி என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. இதை எழுத அவள் அனுமதி தந்திருக்கிறாள். பெயரை மாற்றச் சொன்னவளும் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. தரையோடு வரும் பந்தைப் பாய்ந்து பிடிப்பதில் மாவட்டத்தில் அவளுக்கு நிகர் இல்லை. ஆனால் என் புள்ளிகள் ஒன்றைக் காட்டின. நான்கு ஆட்டங்களில் அவளுடைய வலப்பக்கத்திலிருந்து உயரமாக வந்த பதினான்கு பந்துகளில் பதினொன்றுக்கு அவள் கோலை விட்டு முன்னே வந்திருந்தாள். இடப்பக்கத்திலிருந்து வந்த பதினாறில் ஒரே ஒன்றுக்கு. அந்த ஒன்றையும் தொடவில்லை.

அரையிறுதியில் முனை அணி வென்ற வாரம், அதைப் படமாகக் கீறினேன். கோல் பரப்பின் வலப்பாதி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இடப்பாதி வெறுமை. தருமகுலம் ஐயா படத்தைப் பெரிதாகவே போட்டார். “சரி. அடுத்தது” என்றார்.

அரைத்தாளில் அதைப் பற்றிக் கேட்டிருக்கவும் முடியாது. அது ஓர் ‘ஏன்’ கேள்வி.

அடுத்த ஞாயிறு காலை தலைமன்னாரில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். திரும்பிவர பஸ்ஸுக்கு நின்றபோது, பூசை முடிந்து அணிப் பிள்ளைகள் நாலைந்து பேர் தெருவோரம் நின்றார்கள். மெர்சியும் நின்றாள். பேசக் கூடாது என்பதால் நான் தள்ளியே நின்றேன். ஒருத்தி கச்சான் கடலைப் பையை எடுத்து “மெர்சி, பிடி!” என்று எறிந்தாள். பத்தடி தூரம்கூட இல்லை. பை மெர்சியின் இடக்கன்னத்தில் பட்டு உடைந்து கச்சான் தெருவெல்லாம் சிதறியது.

“கோலியாம், கோலி! கச்சான் பிடிக்கத் தெரியாத கோலி” என்று சிரித்தார்கள்.

மெர்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எறிந்தவளைப் பார்க்கத் திரும்பினாள். கண் திரும்பவில்லை. தலை முழுதும், தோளோடு சேர்ந்து திரும்பியது. அப்போது அவள் என்னையும் பார்த்தாள். என்னை அடையாளம் கண்டாள். சிரிப்பு நின்றது.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் கொப்பியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். பேசாலை தாண்டியும் மூடவில்லை. நான் கீறியிருந்தது ஒரு கோல்காப்பாளரின் விளையாட்டுக் குறை அல்ல. ஒரு பெண்ணுக்கு எந்தப் பக்கம் தெரியாது என்பதன் வரைபடம். அணியின் பதினெட்டுப் பேரையும் வலைக்குப் பின்னால் சவிரி சேர் ஏன் வைத்திருந்தார் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. ஒருத்தியை மட்டும் மறைத்தால் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் எனக்கு என்ன தெரியும்? ஒரு கச்சான் பை. பதினாறு பந்து. நான் மருத்துவர் அல்ல. பிழையாக இருக்கலாம் என்று மூன்று நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை தென்கரை அணியின் பயிற்சிக்குப் போனேன். அரிப்பு என்ற ஊரிலும் அயலூர்களிலும் இருந்து சேர்ந்த பிள்ளைகளின் அணி. ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டத்தில் முனை அணியோடு மோதுவது அவர்கள்தான். பயிற்றுவிப்பாளர் நிக்சன், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். சவிரி சேருக்கு நேர்மாறானவன். வலை இல்லை, அரைத்தாள் இல்லை. “அக்கா, வாங்கோ வாங்கோ. ஆரோட கதைக்கப் போறியள்? எல்லாரும் சும்மாதான் நிக்கினம்” என்பான். பிளேன்ரீயும் மீன்பணிசும் வரும். பிள்ளைகள் சுற்றி இருந்து பேசுவார்கள். ஒன்பது வருடத்தில் நான் மிக இலகுவாக வேலை செய்த மைதானம் அது.

அன்று கோல் கம்பத்தில், பொலித்தீன் உறைக்குள் போட்டு, என் படம் கட்டித் தொங்கியது.

“பாத்தியளே அக்கா? உங்கட படம் எங்களுக்கு இன்னொரு கோச்” என்றான் நிக்சன்.

மூலையுதைப் பயிற்சி நடந்தது. எல்லா உதையும் கோல்காப்பாளரின் இடப்பக்க மூலையிலிருந்து. அணியில் மிக உயரமான இருவர் கோல்காப்பாளரின் இடது தோளோடு ஒட்டி நின்றார்கள். பந்து உயர்ந்ததும் இருவரும் ஒன்றாகக் குதித்தார்கள். தலையும் முழங்கையும் கோல்காப்பாளரின் முகம் இருக்கும் உயரத்துக்கு வந்தன. அவர்களுடைய சொந்தக் கோல்காப்பாளர் ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் முகத்தை விலக்கினாள். அவளால் முடிந்தது. அவளுக்கு அவர்கள் வருவது தெரிந்தது.

“மோதுப்படாதோ?” என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

“பந்துக்குத்தானே அக்கா பாயினம். பிழையெண்டால் மத்தியஸ்தர் ஊதட்டும்.”

அவனில் குற்றம் இல்லை. இடப்பக்கம் பலவீனமான கோல்காப்பாளர் என்றுதான் அவன் நினைத்தான். நான்தான் அப்படி எழுதியிருந்தேன். தேநீரை முடிக்காமல் எழுந்துவிட்டேன். பிள்ளைகள் “என்னக்கா, இண்டைக்குக் கேள்வி இல்லையோ?” என்று கத்தினார்கள்.

நான் பதறாதவள் என்று என்னோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள். பதறும்போது நான் பட்டியல் எழுதுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று பஸ்ஸில் எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது.

அ. நிக்சனிடம் சொல்வது: “அந்தப் பிள்ளைக்கு அந்தக் கண் தெரியாது, மோதாதேங்கோ.” பொழுதுபடுமுன் மாவட்டம் முழுதும் தெரியும். மெர்சியின் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்ல நான் யார்?

ஆ. பத்திரிகையில் எழுதுவது. அதே விளைவு, பெரிய எழுத்தில்.

இ. சவிரி சேரிடம் தென்கரையின் திட்டத்தைச் சொல்வது. இரண்டு கோடு போட்ட சட்டம்.

ஈ. ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஈ-க்கு எதிரே எழுத நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. வங்காலை தாண்டியபின் “வலக்கண்” என்று மட்டும் எழுதினேன். இருக்கிற ஒரே கண்ணில் ஒரு முழங்கை பட்டால் என்னவாகும் என்பதை அதற்குமேல் எழுதக் கை போகவில்லை.

அன்று பின்னேரமே தருமகுலம் ஐயாவை அழைத்தேன். ஊர், பெயர் சொல்லாமல் கேட்டேன்: “பயிற்சியில கண்ட ஒண்டால ஒரு பிள்ளைக்குக் காயம் வரும் எண்டு தெரிஞ்சால் என்ன செய்யிறது ஐயா?”

பின்னால் வாய்க்கால் சத்தம் கேட்டது.

“அதைக் கொண்டுபோய் மற்றப் பக்கத்துக்குக் குடுத்தால் நீங்கள் நிருபர் இல்லை, தூது போற ஆள்.”

“தெரியும்.”

“அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறியள்? நான் செய் எண்டால் அது பத்திரிகை செய்தது. நீங்களா செய்தால் நீங்கள் செய்தது.” பிறகு, “அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசு?” என்றார்.

சொன்னேன்.

“சரி” என்றார். அன்று அவர் ‘அடுத்தது’ சொல்லவில்லை.

வியாழக்கிழமை தலைமன்னாருக்குப் போனேன். அரைத்தாளை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். வலையைத் தாண்டி உள்ளே போக முடியாது. சேரோடு தனியே பேசவும் முடியாது. பெட்டியின்மேல் இருந்தபடி எல்லோருக்கும் கேட்கத்தான் பேசுவார். இருந்த ஒரே வழி அந்த மூன்று வரிதான். ஐந்தாவது தாளில் இப்படி எழுதினேன்:

1. ஞாயிற்றுக்கிழமை மூலையுதையின்போது உங்கள் கோல்காப்பாளரின் இடது தோளில் எதிரணியினர் எத்தனை பேர் நிற்பார்கள்?
2. இருவர் ஒன்றாகக் குதித்தால் அவளுக்குத் தெரிவது என்ன?
3. மெர்சியின் கண்களை மருத்துவர் கடைசியாகப் பார்த்தது எப்போது?

எத்தனை, என்ன, எப்போது. அவர் சட்டத்தில் ஒன்றையும் நான் மீறவில்லை.

வாங்கிக்கொண்டு வழமைபோல மேல் மூலையில் 15.38 என்று எழுதினார். பிறகு வாசித்தார். மறுபடி வாசித்தார். காற்றில் தாள் படபடத்தது. மற்றக் கையாலும் பிடித்தார். நான் கதிரையில் இருந்து வலையின் கண்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதுக்கு மேல் தவறி, மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன்.

அவர் பெட்டியை விட்டு எழுந்து வலைக்கு அருகே வந்தார். அப்படி வந்ததை நான் முன்பு கண்டதில்லை.

“ஆர் சொன்னது?” மிக மெல்லிய குரல்.

“ஒருத்தரும் சொல்லேல்லை சேர். எண்ணினனான்.”

“எண்ணி எழுதிப்போட்டு, இப்ப வந்து நிக்கிறியள்.”

“ஓம் சேர்.”

“மற்றப் பக்கத்தில கண்டதோ?”

நான் கொப்பியை மூடினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“ஏழு வயசில உடைமுள்ளுக் குத்தினது. தாய்க்கும் எனக்கும்தான் தெரியும். கிட்ட வாறவை முகத்தைப் பாத்தால் கண்டுபிடிச்சிடுவினம் எண்டுதான் ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. இதைவிட்டால் அவளுக்கு வேற என்ன கிடக்கு? விளையாட்டை எடுத்துப்போட்டு நான் என்னத்தைக் குடுக்கிறது?”

“மற்றக் கண்ணும் போனால் சேர்?” என்றேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உள்ளே திரும்பி, “மெர்சி, இஞ்ச வா” என்றார்.

மூன்று பருவத்தில் முதல் தடவையாக அந்த அணியின் ஒரு பெண் வலைக்கு மறுபுறம், எனக்கு நேரே வந்து நின்றாள். கையுறையைக் கழற்றாமல், தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“நீங்கள்தானே கீறினது?”

“ஓம்.”

“வெட்டி வைச்சிருக்கிறன்.” கையுறையின் பட்டியை இறுக்கினாள். “கொஞ்சம் குறைவு எண்டு எனக்குத் தெரியும் அக்கா. இவ்வளவு எண்டு தெரியாது. படத்தைப் பாத்தாப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் பயமாக் கிடக்கு. முந்தி அந்தப் பயம் இல்லை.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் காத்திருக்கவில்லை. சேரிடம் திரும்பி, “ஞாயிற்றுக்கிழமை இறங்கிறதோ இல்லையோ எண்டு டொக்டர் சொல்லட்டும் சேர். நீங்கள் சொல்லாதேங்கோ” என்றாள்.

சேர் அரைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பதில் எழுதித் தராத ஒரே தாள் அதுதான்.

வெள்ளிக்கிழமை சேரும் தாயும் அவளை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு வந்து கண் மருத்துவரிடம் காட்டினார்கள். இடக்கண்ணில் செய்வதற்கு ஒன்றுமில்லை; வலக்கண்ணைக் காப்பதே இனி வேலை; கோல்காப்பாளராக நிற்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு இடத்தில் விளையாடலாம், அதிலும் ஆபத்து இல்லை என்று உறுதி தர முடியாது. மருத்துவர் சொன்ன ஒழுங்கிலேயே சேர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லி முடித்து நேரத்தையும் சொன்னார்: 11.20.

இறுதியாட்டத்தில் மெர்சி வெளியே, மாற்று வீராங்கனைகளின் வாங்கில் இருந்தாள். கோலில் பழக்கமில்லாத ஒருத்தி நின்றாள். தென்கரை அணியின் முதல் மூலையுதைக்கு இருவரும் இடது தோளில் போய் நின்றபோது, முனை அணியின் மூவர் அவர்களுக்கும் கோல்காப்பாளருக்கும் நடுவே ஏற்கெனவே நின்றார்கள். அடுத்த உதைக்கும் அப்படித்தான். நிக்சன் எல்லைக்கோட்டில் நின்று அந்த மூவரையும் பார்த்தான். பிறகு பார்வையாளர் பக்கம் திரும்பி என்னைத் தேடினான்.  நிமிடங்களைக் குறித்துக்கொண்டே இருந்தேன்.

தென்கரை அணி இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. இரண்டு கோலும் தூரத்திலிருந்து அடித்தவை. ஐயாவுக்கு ஒழுங்கு மாறாமல் செய்தி கொடுத்தேன். பிறகு நிக்சனிடம் போய் நானே சொன்னேன். மெர்சியின் கண்ணைப் பற்றி அல்ல. திட்டத்தைச் சொன்னது நான் என்பதை மட்டும்.

“ஏனக்கா?”

பதில் இருந்தது. அது மெர்சியுடையது, சொல்ல முடியவில்லை.

“வெண்டது நாங்கள்தான், அது வேற” என்றான் நிக்சன். “உங்களுக்குக் கதவைத் திறந்து விட்டனாங்கள். நீங்கள் கதவைப் பூட்டி வைச்சிருந்த மனுசனுக்குக் கொண்டுபோய் எங்கட வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டியள்.”

பின்னால் நின்ற பிள்ளைகள், எனக்குப் பிளேன்ரீ தந்தவர்கள், ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கிழமையே தென்கரை மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். வலை என்றால் உள்ளே தெரியும்.

திங்கட்கிழமை தருமகுலம் ஐயாவிடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். இனிப் படம் கீறமாட்டேன் என்றும் சொன்னேன்.

“படம் பிழையோ?”

“இல்லை ஐயா. சரி.”

“அப்ப?”

“என்னத்தைக் கீறினனான் எண்டு கீறேக்க எனக்குத் தெரியேல்லை.”

 அவர் தென்கரைப் பக்கத்துக்கு வேறு ஆளைப் போடுவதாகச் சொன்னார். கண்டிக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. “சரி. அடுத்தது” என்றார்.

இரண்டு மாதம் கழித்து தலைமன்னார் பஸ் நடத்துநர் மூலம் எனக்கு ஓர் அரைத்தாள் வந்தது. மேல் மூலையில் நேரம். கீழே சவிரி சேரின் கையெழுத்தில் ஒரே கேள்வி: “வலக்கண் மட்டும் உள்ள ஒருவருக்கு மைதானத்தின் எந்த இடத்தில் நின்றால் ஆகக் கூடுதலாகத் தெரியும்?” மைதானத்தை அளவுப்படி கீறினேன். ஒவ்வோர் இடத்திலும் ஆளை நிறுத்தி, பார்வைக் கோடுகளை இழுத்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் எடுத்தேன். விடை முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்திருந்தது. இடது எல்லைக்கோட்டை ஒட்டி நின்றால் இடப்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மைதானம் முழுவதும் வலப்பக்கம்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் வேலை செய்தேன். போன வருடம் விட்டேன். படவரைஞர் வேலை கிடைத்ததால் விட்டதாகத்தான் எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மை, முழு உண்மை அல்ல. பந்து உயரும் ஒவ்வொரு தடவையும் நான் பந்தைப் பார்க்காமல் கோல்காப்பாளரின் கண்ணைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டு செய்தி எழுத முடியாது.

என்னிடம் கேட்ட தங்கச்சிமாருக்கு: மூடிய மைதானத்துக்கு வெளியே நின்று எண்ணுங்கோ, தடையில்லை. ஆனால் எண்ணியது என்ன என்று தெரியாமல் போடாதேங்கோ. நான் செய்தது சரியா என்று கேட்டீர்கள் என்றால், நாலு வருடமாகப் பட்டியல் போடுகிறேன், இன்னும் முடியவில்லை. நிக்சனிடம் அனுமதி கேட்கும்போது என் பெயரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

இன்றைய நிலைமை இது. முனை அணியில் வலை இருக்கிறது. அரைத்தாள் முறையும் இருக்கிறது. மெர்சி தன் கண்ணைப் பற்றி இப்போது தானே எல்லோருக்கும் சொல்கிறாள். பட்டி போட்ட கண்ணாடி அணிந்து இடது ஓரத்தில் விளையாடுகிறாள். வலக்கண்ணுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. நிக்சன் என்னோடு பேசுவதில்லை. தென்கரை மைதானத்தில் நிருபர்களுக்கு அனுமதி இல்லை.